உசுரு பொழச்சதே பெருசுங்க

கொங்கு நாட்டில் காதுக்குக் கிடைக்கிற மரியாதை வேறெந்த உறுப்புக்கும் கிடைக்காது. மண்டபம் பிடித்து, வீதி முனையில் பிளெக்ஸ் கட்டி, தாய்மாமன் சீர்த்தட்டுகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து, பிள்ளையை மடியில் உட்காரவைத்து, ஆயிரம் பேருக்குக் கறிவிருந்து போட்டு, மொய் நோட்டை விரித்துவைத்த பிறகுதான் அந்த மடலில் ஊசி இறங்கும். பிள்ளை வீறிட்டு அழும். மாமன் உருகிப்போவான். மடலுக்கு இத்தனை. மடலைத் தாண்டி உள்ளே, எலும்புக்குள் புதைந்து, பட்டாணி அளவில் நத்தைக்கூடு வடிவத்தில் ஒரு சங்கதி இருக்கிறது; கேட்பது அதுதான். அதற்குள் பிளாட்டினம் இறங்குகிற அன்றைக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை, மொய்யும் இல்லை.

நகைக்கடைப் பிளாட்டினத்தைச் சொல்லவில்லை. சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தைச் சொல்கிறேன். நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, பக்கத்தில் இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. 1845ல் இத்தாலியர் மிக்கேலே பெய்ரோனே இதைத் தயாரித்தார்; எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாமல் நூற்றிருபது வருஷம் கிடந்தது. 1965ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது, பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்த பொருள் செல்கள் பிரிவதையே நிறுத்திவிட்டதைக் கண்டார். 1978ல் மருந்தாக அனுமதி கிடைத்தது. கல்லீரலில் வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா, எலும்பில் வரும் ஆஸ்டியோசர்கோமா, மூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, நியூரோபிளாஸ்டோமா என்று பிள்ளைகளைப் பிடிக்கும் எத்தனையோ கட்டிகளுக்கு இன்றும் இதுதான் முதுகெலும்பு. காப்புரிமை தீர்ந்து விலை இறங்கிய மருந்து. இதைத் திட்டி ஒரு வரி எழுத மாட்டேன். இதனால் எழுந்து நடமாடும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். என் கோபம் மருந்தின் மேல் இல்லை.

மருந்து உடம்பின் மற்ற இடங்களிலிருந்து மெல்ல மெல்லக் கழிந்துவிடுகிறது. நத்தைக்கூட்டுக்குள் நுழைந்தது மட்டும் வெளியே வர மறுக்கிறது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அங்கேயே தங்குகிறது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017ல் காட்டினார்கள். ஒரு காதில் வெளி மயிர்ச்செல்கள் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம். ஒன்று செத்தால் ஒன்று குறைவு. மனிதக் காதில் அவை திரும்ப முளைப்பதில்லை. கீச்சென்ற ஓசைகளை வாங்கும் செல்கள்தான் முதல் பலி. முதலில் சில்வண்டு போகும், குருவி போகும். அதை யாரும் கவனிக்கமாட்டோம். பிள்ளை போய் "அம்மா, சில்வண்டு கேக்கல" என்று புகார் கொடுக்குமா? அடுத்து பேச்சில் இருக்கும் மெய்யெழுத்துகள் உதிரும். உயிரோசை கேட்கும், அதன் முன்னால் நிற்கும் மெய் கேட்காது. சட்டை, பட்டை, கட்டை மூன்றும் அந்தப் பிள்ளைக்கு ஒரே சத்தம்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். பாதிப் பேர் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழையில்லை. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஆபத்து கூடுதல். தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தால் இன்னும் கூடும். நடுவில் காய்ச்சல் வந்து அமிக்காசின் ஏற்றினால் அதுவும் காதைத்தான் கடிக்கும். நீர் பிரிய ஃபுரோசமைடு போட்டால் அதுவும் கூடச் சேர்ந்துகொள்ளும். எல்லாரும் உயிரைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கிற நேரம் அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஓடி முடித்த பிறகு நடப்பதுதான் பேச்சு.

நம்ம ஊரில் விழா எடுக்க ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. செப்டம்பர், உலகம் முழுவதும் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். தங்க நிற ரிப்பன். எங்கேயோ ஒரு ஏசி அரங்கு, மேடையில் பலூன், முன் வரிசையில் மில் அதிபர், சங்கத் தலைவர், அவர்களுக்குப் பொன்னாடை. வென்று வந்த பிள்ளையை மேடையேற்றுகிறார்கள். தொகுப்பாளினி மைக்கைக் குழைத்துக்கொண்டு கேட்கிறார்: "பெருசானா என்ன ஆகப்போறீங்க தங்கம்?" பிள்ளை அவர் வாயைப் பார்க்கிறது, மைக் வாயை மறைக்கிறது. அம்மா முகத்தைப் பார்க்கிறது. பிறகு தன் பெயரைச் சொல்கிறது. அரங்கம் அதிரக் கைதட்டல். "கூச்சப்படறாங்க, க்யூட்!" கைதட்டல் மட்டும் பிள்ளைக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அது தாழ்ந்த சுருதியும் கலந்த சத்தம்.

இறங்கி வந்ததும் யாராவது ஒரு தாய் மெதுவாக, "கூப்பிட்டா சில நேரம் திரும்ப மாட்டேங்கறானுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். உடனே வரும் அந்த வாக்கியம். டாக்டர் சொல்வார், நர்ஸ் சொல்வார், பெரியம்மா சொல்வார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வார்: "உசுரு பொழச்சதே பெருசுங்க."

இதைவிடக் கனிவான வாக்கியம் கொங்குத் தமிழில் இல்லை. இதைவிடக் கொடூரமானதும் இல்லை. கடைசியில் "ங்க" போட்டு மரியாதையாக வாயை அடைக்கிற வித்தை இது. உயிர் வேண்டுமா காது வேண்டுமா என்று யாரோ கேட்டது போலவும், நாம் உயிரைத் தேர்ந்தெடுத்தது போலவும், கொடுத்த காதைத் திருப்பிக் கேட்பது நன்றிகெட்டதனம் போலவும் ஒரு கணக்கு முடித்துக் கையில் ரசீது கொடுக்கிறார்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. காதைக் கவனித்திருந்தால் உயிர் போயிருக்காது. ஒரு ஆடியோகிராம் எடுக்கச் சத்தம் புகாத ஒரு சின்ன அறை, ஒரு ஹெட்போன், பொத்தானை அமுக்கத் தெரிந்த பிள்ளை, அரைமணி நேரம் பொறுமையுள்ள ஆடியாலஜிஸ்ட், இவ்வளவு போதும். பொத்தான் அமுக்கத் தெரியாத கைக்குழந்தைக்குத் தூங்கும்போதே பார்க்கிற பெரா சோதனை இருக்கிறது. முதல் சிஸ்பிளாட்டின் பாட்டில் தொங்குவதற்கு முன் ஒரு தடவை, சுற்றுகளுக்கு நடுவில், முடிந்ததும், அதன் பிறகும் வருஷக்கணக்கில் எடுக்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் ஆண்டுதோறும். வைத்தியம் முடிந்த பிறகான இந்தக் கணக்கை 2019ல் சர்வதேச நிபுணர் குழுவே எழுதிவைத்துவிட்டது. ஏனென்றால் சில பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் போவது வைத்தியம் முடிந்து, விழாவும் முடிந்து, பொன்னாடையும் சலவைக்குப் போன பிறகுதான்.

இந்தச் சோதனையை யார் எழுதித் தருவது? கட்டி வைத்தியர் காது மூக்கு தொண்டை வைத்தியரைக் கைகாட்டுவார். காது வைத்தியர், "அவங்க அனுப்பினா பார்க்கலாம்" என்பார். பள்ளிக்கூடம் பெற்றோரைச் சொல்லும். பெற்றோருக்குச் சிஸ்பிளாட்டின் என்ற பெயரையே டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்து தேறாத எட்டாவது வரியில்தான் எழுதியிருக்கும். நாலு பங்காளிக்குப் பொதுவான கிணற்றில் தூர் வாருவது யார் என்பது நமக்குப் புதிய வழக்கு அல்ல. கிணறு வற்றும்வரை எல்லாரும் நல்லவர்களே.

கோவை மருத்துவத்தில் பின்தங்கிய ஊர் என்று நான் சொன்னால் அடிக்க வருவீர்கள். நியாயம்தான். பெரியாஸ்பத்திரி முதல் பீளமேடு, பாப்பநாயக்கன்பாளையம் வரை இந்த ஊரில் இல்லாத கருவி இல்லை. சத்தியமங்கலத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் ஓடி வருகிறார்கள். ரோபோ அறுவை சிகிச்சைக்கு அவினாசி ரோட்டில் ஆளுயர விளம்பரம். அந்த ரோட்டின் தலைக்குமேல் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலமே வந்துவிட்டது, 2025 அக்டோபரில், ஜி.டி. நாயுடு பேரில். இத்தனை உயரம் ஏறிய ஊருக்குப் பட்டாணி அளவு நத்தைக்கூட்டுக்குள் எட்டிப்பார்க்க மட்டும் கழுத்து வளையவில்லை.

வீட்டில் நடக்கிற பரிசோதனை தனி ரகம். அப்பத்தா பின்னால் நின்று கைதட்டுவார், பிள்ளை திரும்பும். "காதெல்லாம் ஜம்முனு இருக்குது!" சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். தறிச் சத்தத்தில் அப்பாவின் காது ஏற்கெனவே பாதி போயிருக்கும். அந்த வீட்டில் உப்புக் கேட்பதற்கே கத்தித்தான் கேட்பார்கள். எல்லாரும் கத்தும் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காது குறைந்தது எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். அங்கேயும் காது என்று தெரியாது, புத்தி என்று தெரியும். டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பியதும் பாதிப் பாடம் காணாமல் போகிறது. மேலே மின்விசிறி கடகடவென்கிறது, நாற்பது பிள்ளைகள் சலசலக்கிறார்கள். டிக்டேஷனில் முட்டை. ரேங்க் கார்டில் "கவனம் போதாது" என்று சிவப்பு மை. நாலு வயதில் கட்டியை வென்றவன் எட்டு வயதில் சிவப்பு மையிடம் தோற்கிறான்.

பாதிக்கப்பட்ட காதுக்குச் சத்தம் ஆகாது, இரைச்சலிலிருந்து விலகியிருங்கள் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். நல்ல யோசனை. எங்கே போய் விலகியிருப்பது என்றுதான் தெரியவில்லை. நோம்பி வந்தால் கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். தனியார் பஸ்ஸின் ஏர்ஹாரன், காந்திபுரத்தில் அடித்தால் உக்கடத்தில் எழுந்திருப்பார்கள். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், பகலில் 50 டெசிபெல்லுக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அந்த விதியை எழுதியவர் நம் ஊர்ப் பக்கம் வந்து உரக்க வாசித்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

சரி, வராமல் தடுக்க வழி உண்டா? உண்டு. அதைச் சொன்னால்தான் ரத்தம் கொதிக்கும்.

சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கு இது ஹைப்போ. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் மலைக்கள்ளன் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிம் எதுவும் இதில் முங்கி எழாமல் திரைக்கு வந்ததில்லை. துணி வெளுத்த பிறகு மிஞ்சும் குளோரினை முறிக்கச் சாயத்தொழிலுக்கும் பழக்கமான உப்பு. கலர் மீன் கடையில் ஆன்டி-குளோரின் என்று சின்ன பாட்டிலில் விற்பதும் இதுவே. குழாய்த் தண்ணீரின் குளோரினிலிருந்து தங்கமீனைக் காப்பாற்ற நாலு சொட்டு. சயனைடு விஷத்துக்கு முறிவாக ஊசிமருந்து வடிவில் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

இதையே சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து நரம்பில் ஏற்றினார்கள். கல்லீரல் கட்டி வந்த பிள்ளைகளை வைத்து நடந்த சியோபெல் 6 என்ற ஆய்வின் முடிவு 2018ல் வந்தது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்தது. தயோசல்பேட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். உயிர்பிழைப்பு குறையவில்லை. நோய் உடம்பெங்கும் பரவிவிட்ட பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பா என்பதில் இன்னொரு ஆய்வு சந்தேகம் கிளப்பியது. ஆகவே பரவாத கட்டிகளுக்கு மட்டும் என்று 2022 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. (மீன் கடை பாட்டிலை எடுத்துக்கொண்டு யாரும் வார்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஊசிக்குரிய சுத்தம் வேறு, நேரக்கணக்கு வேறு. சீக்கிரம் போட்டால் புற்றுநோயையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும்.)

அனுமதி வாங்கிய கம்பெனி அதற்குப் பெட்மார்க் என்று பெயர் சூட்டியது. பேர் வைத்தவுடன் ஹைப்போவுக்குக் குலம் கோத்திரம் மாறிவிட்டது. அமெரிக்காவில் ஒரு குப்பி பத்தாயிரம் டாலருக்கு மேல். நம் காசில் எட்டு லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு சிஸ்பிளாட்டின் நாளுக்கும் குப்பி வேண்டும். மற்ற தயோசல்பேட் எதுவும் இதற்கு மாற்றல்ல என்று மருந்தோடு வரும் குறிப்புத் தாளில் அச்சடித்தும் விட்டார்கள். மற்றவற்றில் பொட்டாசியமும் போரிக் அமிலமும் இருக்கலாம் என்பது காரணம். காரணம் மெய்தான். அந்த மெய்யின் விலை குப்பிக்கு எட்டு லட்சம் என்பதை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பது வேறு. உலகத்துக்கே மலிவு மருந்து செய்து தருகிறோம் என்று மார்தட்டும் நாட்டில், பொட்டாசியமும் போரிக் அமிலமும் இல்லாத ஹைப்போவைப் பிள்ளைகளுக்கு ஏற்ற சுத்தத்தில் அடைத்துத் தா என்று அரசு ஒரு உத்தரவு போட்டால் அது விண்கலம் விடுகிற வேலையா?

இந்த உப்பை நம் அரசுகள் பார்ப்பது முதல்முறையும் இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது பாதிக்கப்பட்டவர்களுக்குச் சோடியம் தயோசல்பேட் போடலாமா கூடாதா என்பதே பெரும் அரசியலானது. பலன் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியும் ஊசி மக்களுக்கு எட்டவில்லை. தாங்களே கிளினிக் திறந்து போட ஆரம்பித்த டாக்டர்களையும் தொண்டர்களையும் 1985 ஜூனில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நாற்பது வருஷமாகியும் ஹைப்போ விஷயத்தில் நம் வேகம் கூடியதாகத் தெரியவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். காது போன பிள்ளைக்கு அரசு ஏதாவது செய்யாமலா இருக்கும்? செய்யும். இலவசக் காதொலிக் கருவி உண்டு, தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, அடையாள அட்டை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: சட்டத்துக்கும் அந்தக் காது கேட்கக் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 டெசிபெல் போயிருந்தால்தான் கேள்விக்குறைபாடு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே அறுபதுதான். இடையில் மாறியது சட்டத்தின் பெயர். 35 டெசிபெல் தாண்டினாலே முடக்கும் அளவு இழப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்கள் ஜெனீவாவில் அமைதியான இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், அறுபதின் அருமை தெரியாது.

அளக்கிற முறைதான் உச்சம். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ், இந்த நாலு இடத்திலும் அளந்து சராசரி போடுவார்கள். சிஸ்பிளாட்டின் காது எப்படி இருக்கும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 500ல் 15 டெசிபெல், 1000ல் 20, இரண்டும் சுகம். 2000ல் 45. 4000ல் 75. அடுத்து 8000ல் 90. கிணற்றுக்குள் விழுந்த மாதிரி. மெய்யெழுத்துகள் பலவும் இந்தக் கடைசி மூன்று இடங்களில்தான் செத்துக் கிடக்கின்றன. சட்டம் நாலைக் கூட்டி நாலால் வகுக்கிறது: 38.75. அறுபதுக்கு எவ்வளவோ கீழே. எட்டாயிரத்தை எண்ணவே இல்லை. கருவி அங்கே வரை போகிறது, சட்டம் நாலாயிரத்திலேயே இறங்கிக்கொள்கிறது. அடையாள அட்டைக்கு வேண்டிய 40 சதவீதம் இந்தக் காதுக்கு வராது. முகாமில் மேஜைக்கு அந்தப்புறம் இருப்பவர் தாளைத் திருப்பித் தருவார். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் அட்டவணைதான் எஜமான். தருகிறபோது அவரும் அதைத்தான் சொல்வார், ஆறுதலாக: "உசுரு பொழச்சதே பெருசுங்க."

அப்புறம் அப்பா தறியில் முன்பணம் வாங்குவார், அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுப்பார், ஒரு ஜோடிக் கருவி வரும். அது வருகிறவரை உதிர்ந்த சொற்களுக்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டு வயதில் மருந்து ஏறிய பிள்ளைக்குப் பேச்சு முளைக்கிற பருவமே அதுதான். கேட்காத எழுத்தை நாக்கு எங்கிருந்து எடுக்கும்?

சட்டத்தைத் திருத்துவது சிரமம் என்றால் எனக்கு மாற்று யோசனை இருக்கிறது. ஓசைகளைத் திருத்திவிடலாம். 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எழும் சத்தங்கள் யாவும் சராசரியில் சேராதவை என்பதால் அவை மாநில எல்லைக்குள் தடைசெய்யப்படுகின்றன என்று ஓர் அரசாணை போதும். குருவிகள் மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி பெற்றே கத்தலாம். சில்வண்டுகளுக்கு வால்பாறை தாலுகாவில் மட்டும் விலக்கு, சுற்றுலாவை முன்னிட்டு. ஆசிரியர்கள் ச, த, ப, க இல்லாத சொற்களைக் கொண்டே பாடம் நடத்த வேண்டும். பாடத்தையே நடத்தாமல் விட்டால் இது எளிது. ஏர்ஹாரன் எந்தக் காதுக்கும் கேட்பதால் சமூகநீதியின் அடிப்படையில் தொடரலாம். தங்க ரிப்பன் விழாக்களில் பிள்ளைகளிடம் ஆம், இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்விகள் மட்டுமே கேட்கப்படும். சான்றிதழ் முகாம்களில் பெயர்கள் வழக்கம்போல மைக்கில், மின்விசிறிக்கு அடியில், முகக்கவசம் அணிந்த ஊழியரால் மூன்று முறை கூப்பிடப்படும்; கூப்பிட்டும் எழுந்து வராத பிள்ளைகள் ஆஜராகவில்லை என்று குறித்துக்கொண்டு மனு முடித்துவைக்கப்படும்.